பூட்டிய அலமாரியும் ஒரு கதையும்

எங்கள் தலைமையாசிரியருக்குப் பிள்ளைகளைவிட அலமாரிமேல் பாசம் அதிகம். அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல்லில் ஓர் ஆரம்பப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பிள்ளைகள் வீட்டிலிருந்து ஒரு சாமான் கொண்டுவந்து, அதை வைத்துக் கதை சொல்ல வேண்டும். உடைந்த அகப்பை, தோல் துண்டு, ஒற்றைச் செருப்பு, எதுவானாலும் சரி. நானாகத் தொடங்கிய வகுப்பு அது.

பூட்டுப் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகள், ஆறு மாதமாக ஆஜர் சொல்லக்கூட வாய் திறக்காதவள், முதன்முதலாகப் பேசியது அந்தப் பீரியடில்தான்.

பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் தலைமையாசிரியருக்குக் காய்ச்சல் வராத குறை.

"இந்தக் குப்பையெல்லாம் எதுக்கு டீச்சர்? அவரு பாத்துச் சரின்னாத்தான் இந்த வகுப்பு இருக்கும். இல்லேன்னா வாய்ப்பாடுதான்" என்றார்.

பிள்ளைகளின் சாமான்களை வெளியே வீசச் சொல்லிவிட்டு, சர்க்கார் கொடுத்த மரப் பொம்மைகளைக் காட்டப்போவதாக அறிவித்தார். அவை வந்த நாள் முதல் அலமாரிக்குள்தான் இருந்தன. வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டருக்கு மட்டும் தரிசனம். சாவியை எங்கேயோ பத்திரப்படுத்தியவர், அந்த இடத்தை மறந்துவிட்டார். பூட்டோ நம் ஊர்ப் பூட்டு. காலையெல்லாம் கம்பியை விட்டுக் குடைந்தார், அது அசையவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்தார். காட்ட ஒன்றுமில்லை. அந்தச் சிறுமி தானாக எழுந்துபோய்ப் பூட்டைத் தொட்டாள்.

"இந்தப் பூட்டுக்குக் காது வலிக்குது. காலையிலருந்து சாரு கொடைஞ்சுக்கிட்டே இருக்காரு. அதான் கோவிச்சுக்கிட்டு வாயத் தெறக்க மாட்டேங்குது. உள்ள இருக்க பொம்மைக செத்த நேரம் நிம்மதியாத் தூங்குதுக."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"இது எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"புத்தகத்துல இல்ல சார். இப்பத்தான் அவளே சொன்னா."

"அப்ப சரியா தப்பான்னு எப்படிப் பாக்குறது?"

பட்டம் வாங்கிய மனிதருக்கு வந்த சந்தேகம் இது. பொருட்கள் நன்கு பாதுகாக்கப்படுகின்றன என்று பாராட்டி, கதை வகுப்பு அவசியமில்லை என்றும் எழுதிவிட்டுப் போனார். புதிய கால அட்டவணையில் தலைமையாசிரியர் என்னிடம் கையெழுத்துக் கேட்டார். சண்டை போட்டிருக்கலாம். கையெழுத்துத்தான் போட்டேன். இவர்களை இளக்காரம் பேச எனக்கு மட்டும் என்ன யோக்கியதை இருக்கிறது?

அடுத்த வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில், மடியில் ஒரு நசுங்கிய தகர டப்பாவுடன் அவள் காத்திருந்தாள்.

"டீச்சர், நான் சொல்லவா?"

"பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு" என்றேன்.