எம லிங்கத்தின் முன் நான் கேட்டது

சென்ற ஐப்பசியில் ஒரு காலை, தின்ற இட்லி என் நெஞ்சில் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. தண்ணீர் குடித்தேன், அதுவும் அதன்மேல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் இறங்கியது. எதிரே உட்கார்ந்திருந்த என் மனைவி சாந்தி இதைக் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். நானும் சொல்லவில்லை. ஏனென்றால் என் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

அப்பாவுக்கும் வெறும் நெஞ்செரிச்சல் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கேஸ்தான், கேஸ்தான் என்று சோடா குடித்தே இரண்டு வருடம் ஓட்டினார். பிறகு சோறு இறங்கவில்லை. பிறகு கஞ்சியும் இறங்கவில்லை. உணவுக்குழாயில் புற்று என்று தெரிந்தபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஐம்பத்தொரு வயதில் போனார். எனக்கு இப்போது நாற்பத்தொன்பது.

அண்ணாமலையாரை நம்பி வாழும் அன்பர்களே, பயம் என்றால் என்னவென்று அந்த மாதங்களில்தான் நான் அறிந்தேன்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். பட்டா, முதியோர் உதவித்தொகை, வழித் தகராறு என்று தினமும் ஜனங்கள் வருவார்கள். அவர்கள் பத்து நிமிடம் அழுது சொல்வதை நான் மூன்று வரியில் அடக்கிவிடுவேன். "கதையெல்லாம் வேணாம், விஷயத்தச் சொல்லுங்க" என்று அதட்டுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அதே கெட்டிக்காரத்தனத்தை டாக்டர்களிடமும் காட்டினேன். நான்கு வருடத்தில் மூன்று டாக்டர்கள். உட்காரும்போதே, "நாலு வருஷமா நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம் சார்" என்று ஒரே வரி. அவர்கள் பேனாவை எடுக்க அது போதும். இட்லி நின்ற பிறகு, மூன்றாவது டாக்டரிடமே திரும்பப் போனேன். "சார், இப்ப முழுங்கும்போதுகூட..." என்று ஆரம்பித்தேன். "காரத்தக் கம்மி பண்ணுங்க, டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்துவிட்டார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். அந்த மணிச் சத்தம் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. நான் முழுதும் சொல்லியிருந்தால் அவர் ஏதாவது பதில் சொல்லியிருப்பாரே!

மார்கழிக்குள் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. குரல் கரகரத்துப்போனது. சோற்றை மோரில் கரைத்துக் குடித்தேன். அப்பாவும் கடைசியில் அப்படித்தான் குடித்தார்.

"என்னங்க, பெல்ட்டுல புதுசா ஓட்ட போட்டுனு இருக்கீங்க. என்னாச்சு?" என்று சாந்தி கேட்டாள்.

"சுகர் வந்துடக் கூடாதுனு வாயக் கட்டியிருக்கேன்" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமைகளில் விடிந்ததும் கிரிவலம் போவது என் வழக்கம். அந்த நாட்களில் எம லிங்கம் வந்தால் மட்டும் முகத்தைச் சாலையின் மறுபக்கம் திருப்பிக்கொள்வேன். மலையைச் சுற்றும் பாதையில் இருக்கும் எட்டு லிங்கத்தில் ஏழுக்குத்தான் கும்பிடு. எமனை நான் பார்க்காவிட்டால் அவனும் என்னைப் பார்க்கமாட்டான் என்ற நினைப்பு. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

தை மாதம் ஒரு செவ்வாயன்று, சரியாக அந்த இடத்தில் வாயில் புளிப்பு நீர் பொங்கியது. இருமல் பிடித்துக்கொண்டது. மூச்சு திரும்பவில்லை. எம லிங்கத்தின் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே ஒரே ஒரு விளக்கு எரிந்தது. இதோ, எமன் கூப்பிட்டுவிட்டான் என்றே நினைத்தேன். குணமாக்கு என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. "நான் சொல்றத கடைசிவரைக்கும் கேக்குற ஒரு ஆளக் காட்டுப்பா. அதுக்கப்புறம் உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லி அழுதேன்.

இரண்டு நாள் கழித்து, கீழ்பென்னாத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் பட்டா மனுவுக்காக வந்தார். நான் பன்னை டீயில் நனைத்து, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்தபடி எழுதிக்கொண்டிருந்தேன். அவர் மனுவைப் பார்க்கவில்லை. என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி நாளா இப்டி மாட்டுது சார்?"

நான் பன்னைக் காகிதத்தில் சுற்றி மறைத்தேன்.

"செங்கம் ரோட்டுல ஒரு டாக்டரம்மா இருக்காங்க. கூட்டம் கம்மிதான். ஊசி போடமாட்டாங்க, கேள்வி கேட்டுனே இருப்பாங்கனு ஜனங்க போறதில்ல. நாளைக்கே போங்க. வூட்டுக்காரம்மாவையும் இட்டுனு போங்க."

மறுநாள் சாந்தியோடு போனேன். வழக்கம்போல என் நோயைத் தாளில் மூன்று வரியில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். டாக்டரம்மா அதை வாங்கி மடித்து ஓரமாக வைத்தார். "வாயால சொல்லுங்க. காலையில எழுந்ததுலருந்து சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். பூஜை முடியாமல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது, பிறகு டிபன், டிபனுக்குப் பிறகு மாத்திரை என்றேன்.

"நாலு வருஷமா இப்டித்தானா? அது சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடுற மாத்திர. எழுந்ததும் போட்டுட்டே பூஜை பண்ணுங்க. சாமி கோச்சுக்கமாட்டாரு" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் பேனாவைத் தொடவில்லை. "அப்புறம்?" என்றார்.

அதற்கப்புறம் மிச்சமிருந்தது அப்பாதான். சொல்லிவிட்டேன். இட்லி நின்றதை, உடம்பு இளைத்ததை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுகையில் பாதி வார்த்தை வரவில்லை. அவர் காத்திருந்தார். சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியுங்க. நீங்களா சொல்லட்டும்னு பாத்துனு இருந்தேன்" என்றாள்.

அந்த வாரமே வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதையைக் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பிறகு ரிசல்ட் வந்தது. அமிலம் பட்டுப் பட்டு புண்ணாகி, தழும்பேறி, உணவுக்குழாய் சுருங்கியிருக்கிறதாம். பின்னால் புற்றாகக்கூடிய மாற்றம் சதையில் தொடங்கியிருக்கிறது. ஆனால் புற்று இல்லை. சுருக்கத்தை விரித்துவிட்டார்கள். "இன்னும் கொஞ்ச காலம் மறச்சிருந்தீங்கனா நான் வேற மாதிரி பேசவேண்டி வந்திருக்கும்" என்றார் டாக்டரம்மா. 

அன்பர்களே, நோய் முழுதும் போய்விட்டது என்று நான் பொய்ச் சாட்சி சொல்லமாட்டேன். மாத்திரை உண்டு, இருட்டுவதற்குள் சாப்பாடு உண்டு, அமிலம் மேலேறாமலிருக்கக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திய செங்கல் உண்டு. அந்த மாற்றம் அப்படியே நிற்குமா, முற்றுமா என்று சொல்வதற்கில்லை. அடுத்த மாதம் மறுபடியும் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். பயம் இருக்கிறது. ஆனால் இப்போது எம லிங்கத்தின் முன் நின்று நேராகக் கும்பிடுகிறேன். மனுவுக்கு வருபவர்களையும் முழுதாகச் சொல்ல விடுகிறேன். வரிசையில் நிற்பவர்கள் திட்டுகிறார்கள், திட்டட்டும்.

நம்பிக் கேளுங்கள். அவன் கட்டாயம் ஓர் ஆளைக் காட்டுவான். அந்த ஆளிடம் வாயைத் திறக்கவேண்டியது மட்டும் நாம்தான். இதைப் படிக்கும்போது யாருடைய கையாவது தானாக நெஞ்சுக்குப் போயிருந்தால், நாளைக்கே டாக்டரிடம் போங்கள். வீட்டில் இருப்பவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.