கையில் நின்ற இட்லி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடிப்பூரம். ராஜபாளையத்தில் குடியிருந்தோம். என் கணவர் தனியார் பஸ் டிரைவர். ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்காக ஸ்பெஷல் டிரிப் மேல் டிரிப். மாற்று டிரைவர் கிடையாது. இரண்டு ராத்திரி சரியாகத் தூங்காதவர், தேரன்று காலையில் குளித்துவிட்டுப் போக வீட்டுக்கு வந்தார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் கை, இட்லித் துண்டோடு வாய்க்கு அருகில் அப்படியே நின்றுவிட்டது. கண் திறந்துதான் இருந்தது. கூப்பிட்டும் இமைகூட அசையவில்லை. சில நொடி கழித்து எதுவும் நடக்காததுபோல் துண்டை வாயில் போட்டு மென்றார்.

"இட்லி கையிலயே நின்னுச்சே, தெரியுமா?"

"எங்க நின்னுச்சு? தின்னுக்கிட்டுத்தான இருக்கேன்! ஒரு காபி குடு, தெளிஞ்சிரும்."

அவருக்கே தெரியவில்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. கையில் இட்லிக்குப் பதில் ஸ்டீயரிங் இருந்திருந்தால்? அவர் கை கழுவப் போன நேரம் பார்த்து, சட்டைப் பையிலிருந்த பஸ் சாவியை எடுத்துக்கொண்டு, கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு நடந்தேன்.

"ஏட்டி, சாவியக் குடு! சனம் காத்துக் கெடக்கு!" என்று உள்ளிருந்து கத்தினார். நான் திரும்பவே இல்லை.

பஸ் ஸ்டாண்டில் விஷயத்தைச் சொன்னதும் பஸ் முதலாளி குதித்தார். "ஒம் புருசனுக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனாலும் வாய் அடங்கவில்லை. "அவிய கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குதாவ. தூங்கி எந்திரிச்ச டிரைவர் இருந்தா ஓட்டச் சொல்லுங்க" என்று சாவியை அவரிடம் நீட்டினேன்.

பஸ்ஸில் இடம் பிடித்திருந்த ஒரு பெண், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதலில் இறங்கினாள். பின்னாலேயே எல்லோரும் இறங்கிவிட்டார்கள். முதலாளிக்கு வேறு வழியில்லை, பக்கத்துச் சேத்தூரில் ஓய்வில் இருந்த வேறு கம்பெனி டிரைவர் ஒருவரை வரவழைத்தார். அடுத்த மாதமே மாற்று டிரைவரையும் வேலைக்கு வைத்தார். என் கணவரின் வேலையும் போகவில்லை.

சண்டைக்குத் தயாராக வீடு திரும்பினால், கதவைத் தாண்டிக் குறட்டைச் சத்தம் கேட்டது!

பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன்: விழித்திருக்கும்போது மூளையில் ஒரு ரசாயனம் சேர்ந்துகொண்டே போகுமாம். காபி அதை மறைக்குமாம், கரைக்காதாம். தூக்கம்தான் கரைக்குமாம். அது அளவு மீறினால் கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடி தூங்கிவிடுமாம், ஆளுக்குத் தெரியாமலே. அவரிடம் வாசித்துக் காட்டினேன். "சரிதான்டி, நீ சொல்லாத விஷயமா?" என்றார்.

அந்தத் தேர் நாள்வரை நான் டிரைவர் சம்சாரம். பிறகு பஸ் ஸ்டாண்டில் அவர்தான் 'சாவி எடுத்த அக்கா வீட்டுக்காரர்'. அன்று அந்த பஸ்ஸில் போன அத்தனை பேரும் தேர் பார்த்துவிட்டு முழுசாக வீடு திரும்பினார்கள், அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்கிற கர்வம் இன்றுவரை எனக்குக் குறையவே இல்லை.