என் மனைவியின் ஏழாம் நம்பர்

என் மனைவியைப் பட்டறையில் எல்லோரும் ‘அரைநூல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். லேத்தில் அவள் கடைந்த சாமான் அரை நூல்கூடப் பிசகாது. பதினெட்டு வருஷமாக அந்தப் பேரைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். நான் டாக்சி ஓட்டுபவன். எங்கே போனாலும் ‘அரைநூல் வீட்டுக்காரர்’ என்றுதான் எனக்கு மரியாதை. அதில் எனக்குக் கொஞ்சம் கடுப்பு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அவள் கடைந்த பிரேக் டிஸ்க் ஒவ்வொன்றிலும், நடுவில் மேடாக இருக்கும் இடத்தில், இரண்டு எண் குத்து விழும். முதலில் மைக்ரோமீட்டரில் அளந்த தடிமன். பக்கத்தில் அவளுடைய எண், ஏழு. வண்டிச் சோதனை அலுவலகத்தில் அந்த ஏழுக்கு இருக்கும் மதிப்பு, அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கே கிடையாது.

போன வருஷம் என் வண்டியின் முன்சக்கர டிஸ்க் இரண்டும் தேய்ந்துபோயின. பழைய மாடல், எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. தகுதிச் சான்றிதழ் முடியப் பத்து நாள்தான் இருந்தது. அது போனால் டாக்சி வீட்டு வாசலில் நிற்கும், நானும் அதன் பக்கத்தில் நிற்க வேண்டியதுதான். தேடி அலைந்ததில் பெரிய மாடல் டிஸ்க் ஒரு ஜோடி புத்தம் புதிதாகக் கிடைத்தது. நடு ஓட்டை கொஞ்சம் சின்னது, வெளிவட்டம் கொஞ்சம் பெரிது. லேத்காரியைக் கட்டியவனுக்கு என்ன கவலை என்று பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அளந்து பார்த்ததுமே அவள் முகம் மாறிவிட்டது.

“மாட்டேங்க.”

“என்ன மாட்டேன்? அரை மணி நேர வேலை!”

“ஓட்டையைப் பெரிசாக்கினா, சக்கரத்து நடுவுல இருக்கிற ஹப்புல நேரா உக்காரணும். ஓரத்தைச் சீவினா, எவ்வளவு வரைக்கும் தேயலாம்னு கம்பெனி அங்க போட்ட நம்பரே போயிடும். சூடேறினா தாங்குமான்னு யாரு சொல்றது? வேற மாடல் பிரேக் போடணும்னா முன்னாடியே அனுமதி வாங்கணும். சட்டமே அதுதான்.”

“சட்டம் பேசுறா பாரு! ஊருக்கெல்லாம் கடைஞ்சு குடுப்ப, கட்டின புருஷனுக்கு மாட்டியா?”

“கட்டின புருஷன் முழுசா வீடு வந்து சேரணும்ல?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அடுத்த தெரு லேத்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் கடைந்து கொடுத்தார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் வெறும் பிடிவாதக்காரன். புத்தி எங்கே மேயப் போனதோ, அவள் மதியம் சாப்பிட எழுந்துபோன நேரத்தில் அவள் பெட்டியிலிருந்து எண் குத்தும் உளியை, அந்த ஏழாம் நம்பர் பஞ்ச்சை எடுத்து இரண்டு டிஸ்க்கிலும் அடித்துவிட்டேன். பிறகு வண்டியில் மாட்டி இரண்டு நாள் ஓட்டவும் செய்தேன்.

சோதனை அலுவலகத்தில் அதிகாரி சக்கரத்தைக் கழற்றச் சொல்லிக் குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.

“ஏழு இருக்கு. தடிமன் எங்க?”

தடிமனை அடிக்காமல் அவள் ஒருநாளும் ஏழு அடித்ததில்லை. இத்தனை வருஷம் கூடவே இருந்தும் அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் பட்டறைக்குப் போன் போட்டார். கால் மணி நேரத்தில் அவள் கிரீஸ் கறையோடு வந்து நின்றாள்.

“இது நீங்க அடிச்சதாம்மா?”

‘ஆமா சார், மறந்துட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் என் வண்டி தேறிவிடும். அவள் குனிந்து, சீவிய ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“பஞ்ச் என்னோடது சார். வேலை என்னோடது இல்ல. ஃபெயில் போட்டுடுங்க.”

“நான்தான் சார் அடிச்சேன்” என்றேன். வேறு என்ன சொல்வது?

அதிகாரி முள் கருவியை வைத்து டிஸ்க்கைச் சுற்றினார். முள் நிற்காமல் ஆடியது. நான் கச்சிதம் என்று நினைத்த டிஸ்க் நேராகவே உட்காரவில்லை.

“இதுலயா நம்ம பாப்பாவ பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்க?” என்று மெதுவாகக் கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பதில் வரும்வரை நிற்காமல் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

டாக்சி ஐந்து வாரம் நின்றது. அவள் முகம் கொடுத்தே பேசவில்லை. ஆனால் வேலை முடிந்து வந்ததும் போனும் கையுமாக உட்கார்ந்து கடை கடையாக விசாரித்தாள். கடைசியில் ஒரு பழைய கடையின் பரணில் என் வண்டிக்கே உரிய டிஸ்க் ஒரு ஜோடி, லேசான துருவோடு அகப்பட்டது. கம்பெனி சொன்ன அளவுக்குக் கீழே போகாமல் துருவை மட்டும் கடைந்தாள். பிறகு மைக்ரோமீட்டரை என் கையில் கொடுத்தாள்.

“அளந்து சொல்லுங்க. நான் குத்துறேன்.”

மூன்று தடவை அளந்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

அதிகாரி இந்த முறையும் விடாமல் அளந்தார். “அரைநூல் குத்து இருந்தும் அளக்கணுமா சார்?” என்றேன். “அளக்காம விட்டா அந்தம்மாதான் முதல்ல என்னைத் திட்டும்” என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. வண்டி தேறியது. பதிவேட்டில் எழுத என் பேரைக் கேட்டபோது, “அரைநூல் வீட்டுக்காரர்னு போடுங்க சார்” என்றேன்.

வெளியே அவள் மகளோடு காத்திருந்தாள். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து ஒரு நிமிஷம் பார்த்தாள். பின்கதவைத் திறந்து மகளை ஏற்றினாள். பிறகு சுற்றி வந்து என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள்.

“ம், எடுங்க.”

பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தேன்.