மார்லீன் கட்டிய மஞ்சள் அட்டை

மார்லீன் டூடெக்கை ஹாலிவுட்டில் யாரும் பெரிய தயாரிப்பாளர் என்று சொன்னதில்லை. முப்பது வருடத்தில் பதினான்கு படம் எடுத்தாள். ஓடியவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஆனால் தொடங்கிய எதையும் பாதியில் விட்டதில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு நிறையவே உண்டு.

படப்பிடிப்புக்கு வழிகாட்டும் மஞ்சள் அட்டைகளைத் தெருக் கம்பங்களில் கட்டுவதுதான் சினிமாவில் அவளுடைய முதல் வேலை. அதனால் ஒவ்வொரு படத்தின் கடைசி நாளும் விடியும் முன் தானே ஏணியில் ஏறிக் கட்டுவாள். அறுபத்திரண்டு வயதிலும் அந்த அடம் போகவில்லை.

பதினைந்தாவது படத்தின் கடைசி நாள். நாயகன் ஆரின் பெல்லுக்கு எழுபத்தொன்பது வயது. மறுநாள் காலை இதயத்தில் அறுவை சிகிச்சை. அன்று எடுக்க வேண்டியது சமையலறைக் காட்சி, படத்தின் முடிவே அதுதான். ஜன்னல் வெயில் பத்து மணி வரைதான் விழும். ஏழுக்கு வர வேண்டியவர் எட்டரை ஆகியும் வரவில்லை. மனிதர் செல்போனும் வைத்துக்கொள்வதில்லை. இயக்குநருக்குப் படத்தைப் பற்றிக் கவலை. மார்லீனுக்கோ, ஆரின் வழியில் எங்காவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாரோ என்று பயம்.

காரில் நெடுஞ்சாலை முனைக்குப் போய், அங்கிருந்து தன் அட்டைகளைப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தாள். பெட்ரோல் பங்க் மூலையில் அம்புக்குறி வலப்பக்கம் காட்ட வேண்டும், இடப்பக்கம் காட்டியது. அட்டையில் படத்தின் பெயரை நேராகவும் தலைகீழாகவும் அச்சடித்திருப்பார்கள். எப்படிக் கட்டினாலும் படிக்கலாம், அம்பு மட்டும் திசை மாறும். இருட்டில் மாற்றிக் கட்டியவள் சாட்சாத் அவளேதான்.

இடப்பக்கம் திரும்பினால் இரண்டு தெரு தள்ளி வேறொரு படப்பிடிப்பு. அங்கே கூடாரத்தில் ஆரின் போலீஸ் உடுப்பில் உட்கார்ந்து பரிட்டோ தின்றுகொண்டிருந்தார். இவ்வளவு பெரிய நடிகரிடம் எதற்கு வந்தீர்கள் என்று கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லையாம்.

மார்லீனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"இந்த உடுப்ப மாட்டிவிடறப்பவாவது கேட்டிருக்கக் கூடாதா?"

"டைரக்டர் திரும்பவும் கதைய மாத்திட்டார்னு நெனச்சேன். அம்பு வேற இந்தப் பக்கம்தான் காட்டுச்சு. முடிச்சப் பாத்தேன், நீ போட்டது. அப்புறம் என்ன சந்தேகம்?"

"நான்தான் தப்பா கட்டிட்டேன், ஆரின். மன்னிச்சிடுங்க."

அவர் மிச்சத்தையும் தின்று முடித்தார்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் காட்சி முடிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், மார்லீன் வெட்கமில்லாமல் அழுதாள். ஆரின் அவளைத் தனியே கூப்பிட்டார். மனைவி போனதிலிருந்து அவர் ஒண்டிக்கட்டை.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு என்கூட வர்றியா?" என்றார். "வழிக்கு மட்டும் அட்டை கட்டிடாத."