சனிக்கிழமைக் கேள்விகள்: தவமணி அம்மையார் நினைவாக

செய்தி வந்தபோது நான் தேர்வு மண்டபத்தில் கண்காணிப்புப் பணியில் இருந்தேன். நான்காம் படிவ மாணவர்கள் வரலாற்றுத் தாள் எழுதிக்கொண்டிருந்தார்கள். வாசலில் வந்து நின்ற அலுவலகப் பணியாளர் கையசைத்து என்னை அழைத்தார். "சார், பிரிக்ஃபீல்ட்ஸ்லேர்ந்து போன் வந்துச்சு. தவமணி ஆன்டி காலைல தவறிட்டாங்களாம்" என்று காதோரமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தாள் முடிய இன்னும் நேரம் இருந்தது. ஒரு மாணவன் கூடுதல் காகிதம் கேட்டுக் கையைத் தூக்கினான். கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னலோர வரிசையில் ஹேமலதா, எங்கள் ஹேமா, குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். இதை அவளிடம் நான்தான் சொல்லியாக வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

மணி அடித்து, தாள்களைக் கட்டி ஒப்படைத்த பிறகு நடைபாதையில் வைத்துச் சொன்னேன். அவள் அழவில்லை. "எத்தனை மணிக்கு சார்? கூட யாரு இருந்தாங்க?" என்று மட்டும் கேட்டாள். ஏன், எப்படி என்று கேட்கவில்லை. தவமணி அம்மையாரிடம் படித்த பிள்ளைகள் அப்படித்தான் கேட்பார்கள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருமதி தவமணி கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்தவர். அவருடைய தந்தையார் ரயில்வேயில் குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பல குடும்பங்களைப் போலவே அவர்கள் வீட்டிலும் அரசாங்க வேலை என்பது குலத்தொழில் மாதிரி. அம்மையாரும் கோலாலம்பூரில் ஓர் அரசுத் துறையின் கோப்புப் பிரிவில் சேர்ந்து ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். கோப்புகளின் மேல் 'சுலிட்' என்று சிவப்பு மையில் முத்திரை குத்துவது அவர் பணிகளில் ஒன்று. சுலிட் என்றால் மலாயில் இரகசியம். ஒருமுறை இலாகா விருந்துக்கான சாப்பாட்டுப் பட்டியல் இருந்த கோப்புக்கும் அந்த முத்திரையைக் குத்தச் சொன்னார்களாம். குத்தினாராம். "நான் குத்தினதில பாதி இரகசியம் இல்லை, சோம்பேறித்தனம். திறந்து காட்டினா வேலை வரும் எண்டு மூடி வைக்கிறது" என்பார். சொல்லும்போது சிரிக்கமாட்டார்.

நான் அவரைச் சந்தித்தது ஷா ஆலாமில் ஒரு கூட்டத்தில். சிலாங்கூர் மாநிலத்தில் தகவல் அறியும் உரிமைக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது என்பதைப் பொதுமக்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்கள். கேள்வி நேரத்தில் எழுந்தார். "இதைப் பிள்ளைகளுக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது?" என்று கேட்டார். மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உட்கார்ந்த பிறகு பக்கத்து நாற்காலியில் இருந்த என் பக்கம் திரும்பி, "நீங்கள் வாத்தியாரா?" என்றார். ஆமாம், இதே மாநிலத்தில், கிள்ளானில் என்றேன். "அங்கே எனக்கு ஒரு ஹால் பிடிச்சுத் தர ஏலுமா?"

பிரிக்ஃபீல்ட்ஸிலேயே நடத்தலாமே என்று கேட்டேன். "அது கூட்டரசுப் பிரதேசம் தம்பி. இந்தச் சட்டம் மாநில எல்லையோட நிண்டுடும். என்ர வீட்டு வாசல்ல கேக்கேலாது. நாலைஞ்சு ஸ்டேஷன் தாண்டினா கேக்கலாம். அதனால நான் ரயில் ஏறி வாறன்" என்றார்.

அப்படித்தான் சனிக்கிழமை வகுப்பு தொடங்கியது. தாமான் எனப்படும் எங்கள் குடியிருப்புப் பகுதியின் சங்க மண்டபத்தில் பதினைந்து பிள்ளைகள் போல வந்தார்கள். முதல் வகுப்பில் ஆளுக்கொரு கேள்வி எழுதச் சொன்னார். தினேஷ் என்ற பையன், "எங்க பிளாட் லிஃப்ட் ஏன் எப்பவும் கெட்டுப்போகுது?" என்று எழுதியிருந்தான். அம்மையார் 'ஏன்' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார்.

"ஏன் எண்டு கேட்டா அவை உனக்கு ஒரு கதை எழுதி அனுப்புவினம். எப்ப பழுது பாத்தனீங்கள், ஆர் பாத்தது, அந்த ரெக்கார்டைக் காட்டுங்கோ எண்டு கேள். கதை எழுத இடமே இருக்காது."

பிள்ளைகள் அவருடைய யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் திருத்தி எழுதினார்கள். அன்றிலிருந்து அந்த வகுப்பில் 'ஏன்' என்று கேள்வி தொடங்கக் கூடாது என்பது சட்டமாயிற்று.

அந்தச் சட்டம் ஒருநாள் அவரையே சோதித்தது.

எங்கள் தாமான் தாழ்வான பகுதி. பெரிய கால்வாயின் ஓரத்தில் நீரேற்று நிலையம் ஒன்று உண்டு. மழைநீரை இறைத்து ஆற்றில் விடுவது அதன் வேலை. அந்த ஆண்டுக் கடைசியில் பெய்த மழையில் தண்ணீர் இறங்கவே இல்லை. ஹேமாவின் வீடு தரைத்தளத்தில். அவளுடைய அப்பா மெயின் சுவிட்சை அணைக்கப் போனவர், இடுப்பளவு தண்ணீரில் மின்சாரம் தாக்கி இறந்துபோனார். அவள் அப்போது இரண்டாம் படிவத்துக்குப் போகவிருந்தாள்.

சில மாதங்கள் கழித்து அவளுடைய அம்மா லெட்சுமி அவளை வகுப்புக்கு அழைத்து வந்தார். அம்மையார் வழக்கம்போல, "என்ன தெரிய வேணும், எழுது பிள்ளை" என்றார். ஹேமா எழுதி நீட்டினாள். 'எங்க அப்பா ஏன் செத்தாரு?'

வகுப்பே அம்மையாரைப் பார்த்தது. அவர் அந்தத் தாளை வாங்கிப் படித்தார். வட்டம் போடவில்லை. பிறகு ஹேமாவுக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் பெஞ்சிலேயே உட்கார்ந்தார்.

"இந்தக் கேள்விக்கு எந்த ஆபீஸும் பதில் எழுதாது பிள்ளை. அவை எழுதியே ஆக வேண்டிய கேள்வி ஒண்டு இதுக்குள்ள இருக்குது. ரெண்டு பேருமாத் தேடுவம்."

அன்று அவர்கள் எழுதியது இதுதான்: வெள்ளத்துக்கு முந்தைய ஓராண்டில் அந்த நீரேற்று நிலையத்தின் பராமரிப்புப் பதிவேட்டின் நகல் வேண்டும்.

எந்த அலுவலகத்தில் கொடுத்தோம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. காவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். சிறுபிள்ளையின் பெயரில் வாங்க முடியாது, பெரியவர் ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்றார். நான் பேனாவை எடுத்தேன். அம்மையார் என் கையைப் பிடித்துத் தடுத்து, லெட்சுமியைப் பார்த்தார். கேள்வி அவருடையது, ஆபத்தும் அவருக்குத்தான் என்பது அந்தப் பார்வையின் பொருள். லெட்சுமி அதே கட்டடத்தில்தான் குத்தகை நிறுவனம் ஒன்றின் மூலம் துப்புரவு வேலை செய்துவந்தார்.

"யோசிச்சுச் செய்யுங்கோ. இண்டைக்கே போட வேணும் எண்டில்லை" என்றார் அம்மையார்.

லெட்சுமி கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரமே மேற்பார்வையாளர் அவரைக் கூப்பிட்டு, "அக்கா, உங்களுக்கு ஏன் இந்த வேலை? வாபஸ் வாங்கிடுங்க லா" என்று சொல்லியிருக்கிறார். அவர் வாங்கவில்லை. பிறகு ஒருநாள் சங்கத் தலைவர் மண்டபத்துக்கு வந்தார். பிள்ளைகள் முன்னால்தான் பேசினார்.

"ஆன்டி, நீங்க கேஎல்-லேர்ந்து வந்துட்டுப் போயிடுவீங்க. நாங்க இங்கதான் இருக்கணும். ரோட்டுக்கு, லைட்டுக்கு, எல்லாத்துக்கும் அவங்ககிட்டதான் போய் நிக்கணும். சின்னப் பிள்ளைங்கள வச்சு ஏன் வம்பு?"

"வம்பு இல்லை ஐயா. கேள்விதான்."

"சாவியக் கொடுத்துடுங்க ஆன்டி."

கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை பாதிப் பிள்ளைகள் வரவில்லை. தினேஷின் அப்பா எனக்கு போன் செய்து, தன் லோரிக்கு அந்த அலுவலகத்தின் வழியாகத்தான் வேலை கிடைக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கும் பள்ளியில் ஓர் எச்சரிக்கை வந்தது. அரசு ஆசிரியர் எங்கே நிற்க வேண்டும் என்பதை நினைவுபடுத்தினார்கள்.

மீதிப் பேருக்கு இடம் தந்தவர் கடைத்தெருவில் தானியங்கி டோபி கடை வைத்திருந்த சீனர். துணி மடிக்கும் நீள மேசையில் வகுப்பு நடந்தது. இயந்திரங்கள் சுழலும் சத்தத்துக்கு மேலே அம்மையார் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். அவர் பயந்து நான் கண்டது அந்த வாரங்களில்தான்.

லெட்சுமியைத் தூரத்து இடம் ஒன்றுக்கு மாற்றினார்கள். காப்பார் பக்கம். விடியுமுன் இரண்டு பஸ் ஏற வேண்டும். அந்தச் செய்தி தெரிந்த அன்று வகுப்பு முடிந்ததும் அம்மையார் ரயிலுக்குப் போகவில்லை. என்னையும் அழைத்துக்கொண்டு லெட்சுமி வீட்டுக்குப் போனார். சுவரில் தண்ணீர் நின்ற கோடு அழியாமல் இருந்தது. அதன் மேலே லெட்சுமியின் கணவர் படம்.

"வாபஸ் வாங்குவம் லெட்சுமி" என்றார் அம்மையார். "எனக்குப் பென்ஷன் வருது. என்னை ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது. அடி விழுறது உனக்கு. இதை நான் முதலே யோசிச்சிருக்க வேணும்."

லெட்சுமி தேநீர் கோப்பையை அவர் முன்னால் வைத்தார். "நீங்க கத்துக் கொடுத்தீங்க ஆன்டி. கேட்டது நாங்க. வாபஸ் வாங்கணும்னா நான்தான் வாங்கணும், நீங்க சொல்லி இல்ல."

"வேலை போயிட்டா?"

"கூட்டுற வேலை எங்க போனாலும் இருக்கு. அவரப் பத்தி ஒரே ஒரு தடவ கேட்டிருக்கேன். அதயும் திருப்பி வாங்கச் சொல்லாதீங்க."

அறைக்குள்ளிருந்து ஹேமா கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மையார் தேநீரைக் குடித்து முடித்தார். ரயில் நிலையம் வரை நானும் கூட நடந்தேன். ஏறுவதற்கு முன்னால், "தம்பி, நான் அதுகளுக்குக் கேள்விதான் சொல்லிக் குடுத்தனான். துணிவு அதுகளிட்ட ஏற்கெனவே இருந்திருக்கு" என்றார்.

பதில் வந்தது. கோப்பு 'சுலிட்' என்பதால் தர இயலாது என்று ஒரே வரி. அம்மையார் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேல்முறையீடு செய்தோம்.

விசாரணைக்கு விண்ணப்பதாரரும் மகளும் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். அம்மையாரும் நானும் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தோம். கதவு தடிப்பானது, ஒன்றும் கேட்கவில்லை. அவர் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார். "மலாயில தடுமாறிடுவாளோ?" என்றார். "நல்லாப் பேசுவா" என்றேன். இடையில் ஓர் அதிகாரி வேகமாக வெளியே வந்து, மாடிக்குப் போய், வெறுங்கையோடு திரும்பினார். அம்மையார் எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

ஹேமா அம்மாவோடு வெளியே வந்தாள். "என்ன கேட்டாய்?" என்றார் அம்மையார்.

"இரகசியம்னு யாரு கையெழுத்துப் போட்டாங்க, எந்தத் தேதிலன்னு கேட்டேன் ஆன்டி. தேடிப் பாத்தாங்க. அப்படி ஒரு கையெழுத்தே இல்லயாம்."

அந்தக் கேள்வியை அம்மையார் சொல்லித் தரவில்லை. அவரே என்னிடம் அப்படிச் சொன்னார்.

சில வாரங்களில் நகல் வந்தது. ஹேமா அதை டோபி கடை மேசையில் விரித்து உரக்கப் படித்தாள். இரண்டு பம்புகளில் ஒன்று வெள்ளத்துக்குப் பல மாதங்கள் முன்பே நின்றுபோயிருந்தது. மற்றதும் அடிக்கடி நின்றது. பழுது பார்க்கக் கோரிய குறிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. பார்த்ததாக ஒரு குறிப்பும் இல்லை. தினேஷ் கை தட்டத் தொடங்கினான். அவன் மறுபடி வகுப்புக்கு வரத் தொடங்கியிருந்தான். அம்மையார் அவன் கையை மெல்லப் பிடித்து நிறுத்தினார்.

"இப்பத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சு என்ன ஆன்டி?" என்றாள் ஹேமா.

அம்மையார் நகலை மடித்து அவள் கையில் கொடுத்தார். "அப்பா வரமாட்டார் பிள்ளை" என்றார். "அடுத்த மழை வரும்."

அந்த நகலோடு தாமான் மக்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் போனார்கள். முன்வரிசையில் சங்கத் தலைவரும் நின்றார். அடுத்த பருவமழைக்கு முன்னால் புதிய பம்புகள் வந்தன. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. லெட்சுமியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இப்போது தனியார் மருத்துவமனை ஒன்றில் வேலை செய்கிறார். மண்டபத்தின் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அம்மையார் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். ஆனால் வகுப்பை டோபி கடையிலேயே தொடர்ந்தார்.

கடந்த ஆண்டு முழுக்க இதயம் அவரைத் தொந்தரவு செய்தது. படிக்கட்டு ஏற முடியாமல் போனபோது பிள்ளைகள் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போய்ப் படித்தார்கள். 'இங்கே கேக்கேலாது, ஆனா எழுதிப் பழகலாம்' என்று கட்டிலில் சாய்ந்தபடி திருத்துவார்.

செய்தி வந்த மறுநாள் அவருடைய அடுக்குமாடி வீட்டில் கூட்டம் நிறைந்திருந்தது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த தங்கை மகள், சீருடையோடு வரிசையாக நின்ற கிள்ளான் பிள்ளைகளைக் கண்டு, "இவங்கள்லாம் யாரு?" என்று என்னிடம் கேட்டார். நான் சொல்லத் தொடங்குவதற்குள் ஐயர் வாய்க்கரிசிக்குச் சொந்தக்காரப் பெண்களைக் கூப்பிட்டார். ஒவ்வொருவராகப் போட்டு முடித்தார்கள். தங்கை மகள் திரும்பி, என் பதிலுக்குக் காத்திராமல், லெட்சுமியின் கையைப் பிடித்து முன்னால் அழைத்துப் போனார். பின்னால் ஹேமா போனாள். அவள் அரிசியை அள்ளினாள். ஒரு மணியும் சிந்தாமல் போட்டாள். பிறகு குனிந்து, அம்மையாரின் நெற்றியில் கலைந்திருந்த திருநீற்றைத் தன் விரலால் நேராக்கினாள்.

வண்டி செராஸ் மின்சுடலைக்குப் புறப்பட்டது. தெருவில் நெரிசல். பிள்ளைகள் சந்தி வரை பக்கவாட்டில் நடந்தே வந்தார்கள். பச்சை விளக்கு எரிந்ததும் வண்டி வேகமெடுத்தது. அவர்கள் சாலையோரத்தில் நின்றுவிட்டார்கள்.

அமைதியாகப் போங்கள், அம்மையாரே. இந்தச் சனிக்கிழமை கடையைத் திறந்து வைப்பதாகச் சீனர் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் வருகிறார்கள்.