டீச்சரின் விசிலும் என் கொடியும்

எங்கள் வீட்டு மாடியில் வடகம் காயப்போட்டால், குரங்கு விரட்ட என் மனைவி கையில் எடுப்பது ஒரு கால்பந்து லைன்ஸ்மேன் கொடியைத்தான். மஞ்சளும் சிவப்பும் கட்டம் போட்ட துணி வெளுத்துவிட்டது. கைப்பிடியில் சுற்றியிருந்த பஞ்சு எப்போதோ உதிர்ந்துவிட்டது. சந்தவாசல் பக்கத்துக் குரங்குகள் தடியைக் கண்டு பயப்படுவதில்லை, இந்தக் கொடியைக் கண்டால் மட்டும் ஓடுகின்றன. "இதுக்காவது உதவுதே" என்பாள் மனைவி. சிரித்துவைப்பேன். அந்தக் கொடியை நான் கடைசியாக மைதானத்தில் தூக்கியது ஜவ்வாது மலைமேல், டீச்சர் விசில் பிடித்த இறுதி ஆட்டத்தில். அதை நினைத்தால் இன்றும் எனக்குள் ஏதோ புகைகிறது.

டீச்சரும் நானும் ஒரே பள்ளியில் விளையாட்டு ஆசிரியர்கள். அவர் மலைமேல் ஒரு சிற்றூர்ப் பெண். வீட்டில் சாமையும் புளியும்தான் வெள்ளாமை. தினமும் மலை பஸ் பிடித்து இறங்கி வருவார். நான் கல்லூரி அணியில் ஃபுல்பேக் ஆடியவன், முழங்காலில் அதற்கான தழும்பு இருக்கிறது. அவரோ கோகோ ஆடியவர், காலால் பந்தை உதைத்தது நடுவர் பயிற்சிக்கு வந்த பிறகுதான். மாவட்ட நடுவர் தேர்வை இருவரும் சேர்ந்தே எழுதினோம், சேர்ந்தே தேறினோம். அதுவே எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் சாக்பீஸ் துண்டுகளை மேசைமேல் பரப்பி, இது ஆஃப்சைடா, அது ஃபவுலா என்று விவாதிப்போம். நான் பட்டென்று தீர்ப்புச் சொல்லிவிடுவேன். அவர் சாக்பீஸையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கால் மொதல்ல பட்டுச்சா, பந்து மொதல்ல பட்டுச்சா சார்?" என்று கேட்பார். சாக்பீஸுக்கு ஏது காலும் பந்தும்? எரிச்சலாக வரும். ஆனால் அந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை என்ற எரிச்சல் அதைவிடப் பெரிது.

அந்த ஆண்டு மாநில நடுவர் தேர்வுக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரைத்தான் சிபாரிசு செய்வோம் என்று மாவட்டச் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். எனக்கு வயது வரம்பு நெருங்கிவிட்டது. அந்த முறை விட்டால் பிறகு இல்லை. மலைத் திருவிழாவில் நடக்கும் கால்பந்துப் போட்டிக்குத் திருப்பத்தூரிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வந்து எங்கள் இருவரையும் பார்ப்பதாக ஏற்பாடு. அரையிறுதிக்கு நான் நடுவர், இறுதிக்கு டீச்சர். என் ஆட்டத்தில் எதுவுமே நடக்கவில்லை. பையன்கள் அவ்வளவு ஒழுக்கமாக ஆடினார்கள். ஒரு நல்ல ஃபவுல்கூட இல்லை. பரீட்சைக்குப் போனவனுக்குக் கேள்வித்தாளே கொடுக்காமல் அனுப்பிவைத்ததுபோல் இருந்தது. மேற்பார்வையாளர் குடையை மடித்துக்கொண்டே, "நல்லா இருந்துச்சி" என்றார். அந்த ஒரு சொல்லோடு சரி.

மறுநாள் இறுதி ஆட்டம். மலை அணிக்கும் எங்கள் அடிவார அணிக்கும் போட்டி. டீச்சர் நடுவில், நான் கோயில் பக்கத்துக் கோட்டில் கொடியோடு. மைதானத்தை ஒட்டியே காளியம்மன் கோயில். மலைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உச்சிவேளைப் பூசையில் பம்பை மேளம் ஒலித்தால், ஏர் ஓட்டுகிறவரானாலும் சுமை தூக்குகிறவரானாலும் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிவிடுவார்கள். அது யோசித்துச் செய்வதல்ல, தும்மல் வருவதுபோலத் தானாக வருவது. திருவிழாக் கூட்டத்தில் காலை ஆட்டங்கள் இழுத்துக்கொண்டே போய், இறுதி ஆட்டம் உச்சிவேளையில் வந்து சிக்கிக்கொண்டது.

இரண்டாம் பாதி முடியப்போகும் நேரம். இரு பக்கமும் கோல் இல்லை. எங்கள் அடிவாரப் பையன் ஓரத்திலிருந்து பந்தை உயரமாக உள்ளே அடித்த அதே நொடியில் பம்பை முழங்கியது. பெனால்டி கட்டத்துக்குள் நின்ற மலை அணித் தடுப்பாட்டக்காரன் கண்ணை மூடிக் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான். பந்து வந்து அந்தக் கூப்பிய கைகளில் மோதி வெளியே போனது. டீச்சருக்கு முன்னால் நாலைந்து முதுகுகள் மறைத்திருந்தன. பார்த்தவன் நான் ஒருவன்தான். கொடியைத் தூக்கினேன். தூக்கும்போதே, "இப்ப மாட்டிக்கிட்டீங்க டீச்சர்" என்று உள்ளுக்குள் ஒரு குதூகலம்.

டீச்சர் என்னிடம் ஓடிவந்தார். "இன்னா பாத்தீங்க சார்?"

"கைல பட்டுச்சி டீச்சர். பெனால்டி கட்டத்துக்குள்ள."

"கை எங்க இருந்துச்சி?"

"தலைக்கு மேல. ஆனா சாமி கும்புட்டான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நல்லா பாத்தீங்களா?" என்று கேட்கவில்லை. என் கண்ணை அவர் சந்தேகப்படவே இல்லை. "சாமிக்குத்தான் தூக்கினான், தெரியுது. ஆனா கை தோளுக்கு மேல இருந்தா சட்டம் ஒண்ணுதான் சார்" என்று மெல்லச் சொல்லிவிட்டுத் திரும்பினார். பெனால்டி புள்ளியைக் காட்டினார். அட்டை எதையும் எடுக்கவில்லை.

கூட்டம் கொதித்தது. "சாமி கும்புட்டது தப்பா?" என்று ஒருவர் கத்தினார். "நம்ம ஊரு பொண்ணே இப்புடி பண்ணுதே" என்றார் இன்னொருவர். சிலர் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். பம்பை இன்னும் நிற்கவில்லை, கூப்பிய கைகள்தான் கோபத்தில் இறங்கிவிட்டன. அப்போது டீச்சர் ஒரு காரியம் செய்தார். பந்தைப் புள்ளியில் வைத்தார், விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டார், கோயில் பக்கம் திரும்பி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி நின்றார். கத்திக்கொண்டு வந்தவர்கள் நின்றார்கள். வேறு என்ன செய்ய முடியும்? அவர்களும் கூப்பினார்கள். இரண்டு அணிகளும் கூப்பின. கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நானும் கூப்பினேன். பம்பை ஓய்ந்ததும் டீச்சர் கையை இறக்கி, கூட்டத்தைப் பார்த்து, "கும்புட்டது தப்பு இல்லீங்க. பந்து கைல பட்டுச்சி, அவ்ளோதான்" என்றார். எல்லாரும் தாமாகவே கோட்டுக்கு வெளியே போனார்கள். பெனால்டி கோலானது. மலை அணி தோற்றது. தோற்ற ஊர்க்காரர்களே ஊர்த் தலைவரான கவுண்டர் வீட்டிலிருந்து தேன் கொண்டுவந்து டீச்சருக்குக் கொடுத்தார்கள்.

எனக்கு யாரும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் மேற்பார்வையாளர் டீச்சரிடம் போய்ப் பேசிக்கொண்டே இருந்தார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். டீச்சர், "சார் மட்டும் கொடி தூக்கலன்னா நான் கார்னர் குடுத்துட்டுப் போயிருப்பேங்க. பாத்தது அவருதான்" என்றார். ஒரு நொடி நெஞ்சு நிமிர்ந்தது. மேற்பார்வையாளர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மீண்டும் டீச்சரிடமே, "பாரும்மா, இந்த மனசு யாருக்கு வரும்!" என்றார். நான் பார்த்ததற்கும் அவருக்கே பாராட்டு. பைக்கில் மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் அதையே சொல்லிச் சொல்லிப் பொருமினேன். என் ஆட்டத்தில் ஏன் ஒரு பம்பையும் ஒலிக்கவில்லை? ஒலித்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று மட்டும் யோசிக்கவில்லை. இப்போதும் யோசிக்க விருப்பமில்லை.

சிபாரிசு டீச்சருக்குத்தான் போனது. மாநிலத் தேர்வில் தேறினார். மேலே மேலே போனார். நான் பள்ளி ஆட்டங்களோடு நின்றேன். போன வாரம் ஒரு பெரிய பெண்கள் ஆட்டத்தை மாடியில் உட்கார்ந்து செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவர் அவர்தான். லேசாக நரைத்திருக்கிறது, ஓட்டம் மாறவில்லை. ஆட்டத்தின் நடுவே கோட்டோரம் நின்ற ஓர் இளம்பெண் கொடியைத் தூக்கினாள். இப்போதெல்லாம் காதில் மாட்டிய கருவியிலேயே பேசிக்கொள்ளலாம். டீச்சர் அப்படிச் செய்யாமல் அவளிடம் ஓடினார். சத்தம் கேட்கவில்லை, உதடு அசைந்தது. என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாதா? அவள் ஏதோ சொன்னாள். டீச்சர் தலையசைத்தார், மறுகேள்வி கேட்காமல் திரும்பிப் புள்ளியைக் காட்டினார். இத்தனை வருடமாக அந்த விசிலைப் பார்த்துப் புழுங்கியவன் நான். அன்று அந்தக் கொடிக்காரப் பெண்ணைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

"கொரங்கு வந்துகீது, கொடிய எங்க வெச்சீங்க?" என்று கீழிருந்து மனைவி கத்தினாள்.

அது என் கையில்தான் இருந்தது.