நான்கு வாசனையோடு பெண் பார்க்கப் போனேன்

என் மேசை இழுப்பறையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கிறது. என் சுண்டுவிரலில் இரண்டு கணு உயரம்தான். அடியில் நகக்கண் அளவுக்கு எண்ணெய் மிச்சம். மூடி இறுகியிருக்கிறதா என்று காலையில் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை பார்த்துவிடுவேன். இருப்பதும் ஆவியாகிவிடுமோ என்ற கவலை. "தெறந்து தெறந்து பாத்தாதாங்க ஆவியாப் பூடும்" என்பாள் என் மனைவி. அதுவும் ஒரு கவலையாகச் சேர்ந்துகொண்டது.

அதைத் தந்தவர் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் அத்தர் கடை வைத்திருந்த பாய். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் கடைக்குள் நுழைந்துவிட்டால் அவர் வைத்ததுதான் சட்டம். பூ அத்தர் கேட்பவருக்கு உடனே கொடுத்து அனுப்பிவிடுவார். மர வாசனை கேட்டால் அன்று காலை விற்க மாட்டார். கையில் தடவி அனுப்பி, சாயங்காலம் வரச் சொல்வார். வியாபாரம் இப்படியா நடக்கும் என்று நானே இரண்டு முறை அவரிடம் வாதாடியிருக்கிறேன்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டுப் போராடிய வருடம் அது. எனக்கு முப்பத்திரண்டு வயது. பள்ளியில் கணக்கு ஆசிரியர் வேலை. அதுவரை மூன்று வீட்டில் பெண் பார்த்திருந்தோம். மூன்று வீட்டிலும் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்து இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான்காவது இடம் கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தல். இதுவும் தட்டிப்போனால் இனி யார் வீட்டுக்கும் என்னோடு வரப்போவதில்லை என்று என் தாய்மாமன் கையை விரித்துவிட்டார். மூன்று தோல்விக்கும் என் வியர்வைதான் காரணம் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கு வெள்ளிக்கிழமையே பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பாயின் கடைக்குப் போனேன்.

அலமாரியில் இருபத்து மூன்று குப்பிகள். பத்தொன்பதை மூக்கருகே வைத்து முகர்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. பாய் சிரித்தார்.

"குப்பி வாய்ல மூக்க வெச்சா இன்னா தெரியும் சார்? மல்லி வந்தவொடனே பேசிடும். மரம் அப்பிடி இல்ல. உங்க ஒடம்புச் சூட்ல ஊறி, ரெண்டு மணி நேரம் கழிச்சிதான் வாயத் தொறக்கும்."

கடைக்கு வெளியே நிறுத்தி நாலு தரம் மூச்சுவிடச் சொன்னார். பிறகு ஒவ்வோர் இடத்திலும் ஒரு பொட்டு வைத்தார். வலது மணிக்கட்டில் சந்தனம், வலது முழங்கை மடிப்பில் வெட்டிவேர், இடது முழங்கை மடிப்பில் அகில், இடது மணிக்கட்டில் தேவதாரு. கடைசியை முகர்ந்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பென்சில் சீவிய தூள் போல இருந்தது. நாள் முழுக்க வகுப்பில் முகர்வதுதானே, இது வேண்டவே வேண்டாம் என்றேன். கல்வராயன் மலைக்காரர்களுக்குச் சந்தனத்தை விட்டால் வேறென்ன பிடிக்கும் என்பது என் எண்ணம்.

"தேய்க்காதீங்க, கழுவாதீங்க, சாயங்காலம் வாங்க" என்றார் பாய். "வாங்கினாலும் ஜாஸ்தி போடாதீங்க. கம்மியா இருந்தாதான் ஆளு கிட்ட வருவாங்க."

அந்த நேரம் பார்த்து மாமன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "இன்னாடா மாப்ள, இங்க நின்னுக்கினு கீற? ரோட்ட மறிக்கப் போறாங்களாம். ஆவணியும் முடியுது. பொண்ணு வூட்ல இன்னிக்கே வரச் சொல்லிட்டாங்க, கெளம்பு!"

நான்கு வாசனையோடு பேருந்தில் ஏறினேன். மறியல் மறுநாள்தான் தொடங்கும் என்று பேச்சு, அதற்குள் மரங்கள் முந்திக்கொண்டன. பாதி வழியில் ஒரு புளியமரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. அதற்குமேல் நடைதான். எதிரே மலை நீலமாகத் தெரிந்தது. வெயில் தலைக்கு நேரே. வழியில் ஒரு பம்புசெட்டில் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். எண்ணெய் தண்ணீருக்கு மசியவில்லை. ஒன்றோடொன்று கலந்துவிடுமோ என்று இரண்டு கைகளையும் அகல விரித்தபடி நடந்தேன்.

"ஒரு ஆளுக்குள்ள நாலு பேரு நடந்து வர்ற மாதிரி கீதுடா" என்றார் மாமன்.

ஏழு மரங்கள் தாண்டினோம். ஏழாவது மரத்தருகே காவலிருந்த ஆட்களில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். "இன்னா சார், வெட்டுன மரத்தவிட நீங்க ஜாஸ்தி மணக்கிறீங்களே!" விஷயத்தை மாமன் சொன்னதும் ஒரே சிரிப்பு. "பொண்ணு பாக்கப் போறாருடா, சட்ட கிழியாம தூக்கி வுடுங்க" என்று இருவர் என்னைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். போராட்டக்காரர்கள் தூக்கிவிட்டுப் பெண் பார்க்கப் போனவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

போய்ச் சேர இரண்டே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. காப்பி கொடுக்கக் குனிந்த பெண் ஒரு நொடி நின்று மூச்சை இழுத்ததைப் பார்த்துவிட்டேன். போச்சு, நான்காவதும் போச்சு என்று நினைத்தேன். மாமன் கேட்டதன் பேரில் கிணற்றடியில் இரண்டு நிமிடம் பேசவிட்டார்கள்.

"கோவிச்சுக்காதீங்க" என்று அவள்தான் ஆரம்பித்தாள். "வலது கையில சந்தனம்தான? எங்க ஊர்ல கல்யாண வூட்லயும் அதான், சாவு வூட்லயும் அதான். இடது கையில இன்னாங்க அது?"

தினமும் பூசுவதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் வரவில்லை. அத்தர் கடை, பாய் போட்ட சட்டம், பம்புசெட்டு, ஏழு மரம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள், பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"பென்சில் சீவுனா வருமே, அந்த வாசன. பத்தாவதோட என்னை நிறுத்திட்டாங்க. அதுக்கப்பறம் இன்னிக்குதான் மோந்து பாக்கறேன். மத்த மூணும் வேணாங்க. அது ஒண்ணு போதும்."

"படிக்கணும்னா படிக்கலாமே" என்றேன். வேறொன்றும் தோன்றவில்லை.

திரும்பும் வழியில், அவள் சொன்னது சம்மதமா, அத்தரைப் பற்றிய அபிப்பிராயம் மட்டுமா என்று மாமனைப் பதினோரு தடவை கேட்டேன். பன்னிரண்டாவது தடவை வாயைத் திறந்தபோது அவர் செருப்பைக் கழற்றினார். அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

பெண் வீட்டிலிருந்து சம்மதம் வந்து, பாதையும் திறந்ததும் பாயிடம் போனேன்.

"எந்தக் கை சார்?"

"இடது மணிக்கட்டு."

"நீங்க மொதல்லயே வேணாம்னு தள்ளுனது!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். இந்தக் குப்பியில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "பாத்தீங்களா, நாலையும் தடவி வுட்டது எவ்ளோ நல்லதாப் போச்சி" என்றார். தோல்வியாகியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

பாயின் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. அவர் மகனோடு வெளியூர் போய்விட்டார். போன மாதம் என் மகள் சென்னையில் ஒரு பெரிய கடைக்கு அழைத்துப் போய், மர வாசனையில் எனக்கொன்று வாங்கித் தருவதாகச் சொன்னாள். விற்பனைப் பெண் பன்னிரண்டு காகிதக் கீற்றுகளை நீட்டினாள். நான் கைகளை நீட்டி, நான்கை மட்டும் தடவச் சொல்லி, சாயங்காலம் வருவதாகச் சொன்னேன். மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. சாயங்காலம் ஒன்றும் தேறவில்லை. வெறுங்கையோடு ஊர் திரும்பினோம்.

கல்யாணத்துக்குப் பிறகு பன்னிரண்டாவது எழுதித் தேறி, பிள்ளைகளுக்கு ஹோம்வொர்க் சொல்லிக்கொடுத்து, இப்போது மூட்டுவலியோடு நடமாடும் என் மனைவியிடம் கடை விவரத்தைச் சொன்னேன். இழுப்பறையைத் திறந்து குப்பியை எடுத்தாள். மூடியை என் இடது மணிக்கட்டில் ஒற்றினாள். மிச்சம் இருப்பது அவ்வளவு கொஞ்சம், எனக்கு ஒன்றுமே மணக்கவில்லை. வீணாகிவிட்டதோ என்று கேட்டேன்.

"சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.